முத்திரை வைத்த ஏணி

திண்டுக்கல் கடைவீதியில் நைனா முகமதுவின் பாத்திரக்கடை. பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்த்த ஒச்சப்பன், ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒருநாள், சீருக்குத் தவலை வாங்க வந்த கன்னிவாடிக்காரர்களுக்காக ஏணியில் ஏறினார். ஐந்தாம் படி கழன்றுகொண்டது. தவலைக்கு ஒரு நசுங்கல்கூட இல்லை. ஒச்சப்பன் மேல் விழுந்ததால் தப்பித்தது. அவருக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது.

மூன்றாம் நாள் லேபர் இன்ஸ்பெக்டர் பெருமாள்சாமி விசாரணைக்கு வந்தார். பத்து நாள் ஓய்வாவது எழுதிக் கொடுப்பார் என்று ஒச்சப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப பலவீனமா இருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்கய்யா. செத்த நேரம் நிக்க முடியல."

"ஒன்னச் சொல்லலப்பா, ஏணியச் சொன்னேன்."

உத்தரவு எழுதப்பட்டது: 'மேற்படி ஏணியை விசாரணை முடியும்வரை யாதொரு வேலைக்கும் உட்படுத்தலாகாது. வெயில் படாமல், அசைக்காமல், கிடத்தியே வைத்திருக்க வேண்டியது.' அரக்கு உருக்கி முத்திரையும் வைத்தார்.

"அய்யா, எனக்கு?"

"விபத்துக்குக் காரணமான பொருளுக்குத்தான் உத்தரவு. நீயா காரணம்?"

"இல்லைங்கய்யா."

"அப்பறம் என்ன, வேலையப் பாரு."

நைனா முகமது நல்ல மனுஷர். ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும் பின்னறையை ஒழித்து, சாக்கு விரித்து ஏணியைப் படுக்கவைத்தார். ஒச்சப்பன் வாசலில் நின்றபடி சாப்பிட்டார்.

மேல்தட்டுச் சாமான்களை எடுக்க அண்டாக்களைக் கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறச் சொன்னார் முதலாளி. மார்கழியில் அண்டா உருண்டது. ஒச்சப்பனுக்கு வலது கை முறிந்தது.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். "எதுலருந்து விழுந்த?"

"அண்டாவுலருந்துங்கய்யா."

அவர் முகம் தெளிந்தது. "ஏணி இல்லையே? யோசிச்சுச் சொல்லு."

"ஏணி படுத்திருக்குங்கய்யா."

நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். செய்தி பரவியதும் மற்ற கடைக்காரர்களும் தாமாகவே வந்து தங்கள் ஏணிகளுக்கு முத்திரை வாங்கிப் போனார்கள்.

தை மாதம் வியாபாரிகள் கூட்டம். "இந்தக் கடைவீதியில் கடந்த இரண்டு மாதங்களாக ஏணி விபத்து ஒன்றுகூட இல்லை" என்று இன்ஸ்பெக்டர் அறிவித்தார். முதலாளிகள் கைதட்டினார்கள். பின்னால் நின்ற வேலையாட்களும் தட்டினார்கள்.

தான் மட்டும் சும்மா நின்றால் மரியாதையாக இருக்காதே என்று ஒச்சப்பன் சங்கடப்பட்டார். வலது கை தூளியில் தொங்கியது. பக்கத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ரஹ்மத்துல்லா, பெஞ்சுமேல் பெஞ்சு போட்டு ஏறி விழுந்தவர், இடது கையைத் தூளியில் போட்டுக்கொண்டு நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர் வலது கையும் இவர் இடது கையுமாகச் சேர்ந்து, மற்றவர்களுக்குக் குறையாமல் தட்டினார்கள்.