ஆயிரத்து நூற்று நாற்பது மணி நேரமும் என் கீழுதடும்

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

தம்பி லோர்ன் எழுதுவது. கியூபெக்கில் நானும் பெத்தனியும் நலம். என் கீழுதடு மட்டும் இன்னும் வீக்கமாக இருக்கிறது. அங்கே அத்தானும் உன் நாய்களும் சுகமாயிருக்க வேண்டும்.

பிரெஞ்சு தெரிந்தால்தான் தலைநகர் ஒட்டாவாவில் அரசாங்க வேலை என்று நீ சொன்னாயே, அதை நம்பி என் மகள் பெத்தனியை ஒன்றாம் வகுப்பிலேயே பிரெஞ்சுப் பாடத்தில் சேர்த்தேன். தினம் நாற்பது நிமிடம், வருடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு நாள், ஒன்பது வருடம். கூட்டினால் ஆயிரத்து நூற்று நாற்பது மணி நேரம். அதற்குள் நான் ஒரு களஞ்சியத்தைக் கட்டி, இடித்து, மறுபடியும் கட்டியிருப்பேன். இந்தப் பயணத்தில் ஒருத்தராவது தன்னோடு பிரெஞ்சில் பேசாவிட்டால் பத்தாம் வகுப்பில் அதற்கு முழுக்கு என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். ஊரே பிரெஞ்சு பேசும் இடம் என்று இங்கே வந்தால், இவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். உருளை வறுவல் கடைக்காரர், "பரவால்ல கண்ணு, இங்கிலீஷ்லயே சொல்லு, வரிசை நீளமா நிக்குது" என்றார். பிள்ளையின் முகம் சுண்டிப்போய்விட்டது.

அந்த வறுவலைத் தின்னும்போதுதான் குளவி என் உதட்டில் கொட்டியது. உதடு வீங்கிப் பேச முடியவில்லை. மருந்துக்கடையில் பெத்தனிதான் பேசியாக வேண்டியிருந்தது. கல்லாவில் நின்ற பெண் ஆங்கிலத்துக்கு மாறவேயில்லை! இருவரும் கால் மணி நேரம் கையைக் காலை ஆட்டி ஒரே பிரெஞ்சு. களிம்பும் வந்தது. "அப்பா, அவளுக்கு நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுதுப்பா!" என்று குதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா. ஒன்பது வருடம் வீணாகவில்லை. இன்னும் மூன்று வருடம் படிக்கிறேன் என்று உடனே பள்ளிக்கு எழுதிப் போட்டுவிட்டாள். உனக்குக் கோடி புண்ணியம்.

அத்தானுக்கு என் வணக்கம். நாய்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
லோர்ன்

பி.கு: இன்று காலை இன்னொரு களிம்பு வாங்க நான் மட்டும் போனேன். அந்தப் பெண் கோடை வேலைக்கு வந்தவளாம், சொந்த ஊரும் நம் ஊர் மூஸ் ஜாதானாம், பெத்தனியின் பள்ளியில் முன்பு படித்தவளாம், அதே பிரெஞ்சு டீச்சர். பின்னால் நின்ற கடை முதலாளி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "நேத்து உங்க பொண்ணும் இவளும் அவ்வளவு நேரம் பேசினாங்களே, அது எந்த நாட்டு பாஷைங்க?" பெத்தனியிடம் மூச்சு விடாதே.