பத்துப் பிளை அண்ணாத்த ஏற்றிய லோடு

மனிதர்களை நம்பாமல் டயரை மட்டும் நம்பி வாழ்ந்தவர் ஒருவர் உண்டென்றால், அது சதுரங்கப்பட்டினத்துப் பத்துப் பிளை அண்ணாத்ததான்.

செங்கல்பட்டுச் சந்தைக்குப் பிக்கப் வண்டியில் மீன் கொண்டுபோவது அவர் தொழில். கடற்கரை மணலில் சக்கரம் புதைகிறதென்று எழுபதுகளில் ஒருமுறை பெரிய டயராகப் பார்த்து மாட்டினார். பார்க்க யானைக்கால் மாதிரி இருந்தது. ஆனால் டயருக்குப் பலம் தரும் அடுக்கு, அதாவது பிளை, நாலுதான். மீனின் எடையைக் கணக்குப் போட்டவர் ஐஸின் எடையை மறந்துவிட்டார். திருக்கழுக்குன்றத்துக்கு அருகே டயர் வெடித்து, ஊர்க் காக்கைகளுக்கெல்லாம் வஞ்சிர விருந்து நடந்தது.

அப்புறம் அதே அளவில் பத்துப் பிளை வாங்கினார். பெயரும் வந்தது. பாரம் ஏற்றினால் வண்டி தேர் மாதிரி போகும். காலியாக வந்தால் குடல் வாய்க்கு வரும். எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஒருநாள் கேட்டேன்.

"இன்னா அண்ணாத்த, இப்டி தூக்கிப் போடுது?"

"லோடு இல்ல. டயருக்குக் கோவம்."

சிரிக்காமல்தான் சொன்னார். ஓசியில் யாரையும் ஏற்றவும் மாட்டார்.

அவர் மனைவி கன்னியம்மாவுக்கு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. மூன்றாவதில், நிறைமாதத்தில், ஒரு மத்தியானம் உதிரம் பட்டது. மருத்துவச்சி அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போ. குலுங்கக் கூடாது, நைனா."

வேறு வண்டி கிடைக்கவில்லை. காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். போதவில்லை. டயரையே பார்த்துக்கொண்டு நின்றவர் நேரே டீக்கடைக்கு வந்தார்.

"சும்மா குந்திகினு கீறவங்கல்லாம் வண்டில ஏறுங்க."

"எதுக்கு அண்ணாத்த?" என்றேன்.

"எடைக்கு."

எல்லோரும் எழுந்தோம். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஏறினார். நடுவில் மெத்தை போட்டுக் கன்னியம்மாவைப் படுக்கவைத்தோம். துணைக்கு வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைச் சுற்றியும் ஆண்கள் ஓரமாகவும், ஐஸ் பெட்டிகள் இருக்கவேண்டிய இடத்தில் நாங்கள். எங்களில் பருமனானவர் டீக்கடைக்காரர். அவரைப் பின்சக்கரத்துக்கு நேராக உட்காரவைத்து, "அசையாதண்ணே" என்றார் அண்ணாத்த.

வழியெல்லாம் வண்டி குலுங்கவில்லை.

பொழுது சாயும்போது அண்ணாத்த ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தார். "பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். அன்று வெறும் எடையாக உட்கார்ந்திருந்ததைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்கும் அவர் கூப்பிட்டால், எதற்கென்று கேட்காமல் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.