ஏற்காடு போன வேன்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொண்டாலும் சரி. சிட்லபாக்கத்தில் ஒரு மனுஷன் பெண்டாட்டியோடு நாலு வார்த்தை பேசுவதற்காக மலையேறப் பார்த்த கதை. சிரிக்காமல் கேட்பவர்களுக்கு வடை கிடையாது.

"சார், ஏற்காட்டுல இப்ப குளிர் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு எட்மண்ட் உள்ளே வந்தார்.

ஸ்ரீநிவாசராகவனுக்குக் காபி புரையேறியது. அவர் வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் வீட்டில் போன் இருந்தும், தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் லாசரஸ் வைத்திருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த்தான் அறைக்குச் சொல்லியிருந்தார்.

அந்த போன்தான் வினை. தெருவுக்கே ஒரே போன். எல்லார் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் அவர் நம்பர்தான். "ஏன்னா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று லோகநாயகி ஆரம்பிப்பாள், மணி அடிக்கும். கூப்பிட ஓட வேண்டும். வந்தவர்களுக்குக் காபி கலக்க வேண்டும். அந்த ஒண்ணு என்னவென்று அவருக்கு வருஷக்கணக்காகத் தெரியாது. அதற்காகத்தான் டிசம்பர் கடைசியில் நாலு நாள் ஏற்காடு. ஏரியைச் சுற்றி மெதுவாக நடப்பது, பேசுவது, அவ்வளவுதான் திட்டம்.

"மலைப் பாதையில வளைஞ்சு வளைஞ்சு போனா எனக்குக் குமட்டுமே" என்றிருந்தாள் லோகநாயகி, அவர் திட்டத்தைச் சொன்ன அன்று.

"எலுமிச்சம்பழம் வெச்சுக்கோ."

"ஏரி எதுவா இருந்தா என்ன, கூட்டம் இல்லாம இருந்தாப் போறும்" என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது எட்மண்டை எப்படிக் கழற்றுவது?

"அங்கே பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லை எட்மண்ட். வெறும் நடைதான். கால் ஓஞ்சு போயிடும்."

எட்மண்ட் டிரில் மாஸ்டர். முகம் மலர்ந்துவிட்டது. "நடைதானே சார் வேணும்! குடும்பத்தோட வந்துடறோம்."

சாயங்காலம் எதிர்வீட்டு ரமா வந்தாள். "மாமா, ஸ்வெட்டர் போதுமா, கம்பளி வேணுமா?"

"ஐயோ, அங்கே ஒரே அட்டைம்மா! ரத்தத்தை உறிஞ்சிடும்."

"நிஜமாவா? முட்டி வலிக்கு அட்டை விட்டா நல்லதுன்னு வைத்தியர் சொன்னார். அப்போ மாமியாரையும் கூட்டிண்டு வரேன்!"

ஸ்ரீநிவாசராகவன் ராத்திரியெல்லாம் யோசித்து, மறுநாள் தேதியையே மாற்றினார். "வெள்ளிக்கிழமைக்குப் போட்டுட்டேன். காத்துக்குக்கூடத் தெரியக் கூடாது" என்று லோகநாயகியின் காதில் ஓதினார்.

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றாள் அவள், கீரையை ஆய்ந்தபடி.

அடுத்த நாள் தெருவே வெள்ளிக்கிழமைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

பூத்துக்காரன்தான் உளறியிருக்க வேண்டும் என்று நேரே லாசரஸிடம் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள், "சார், வேன்ல எனக்கும் ஒரு இடம் பிடிச்சுக் குடுங்களேன்" என்றார் லாசரஸ்.

"எந்த வேன்?"

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க! வெள்ளிக்கிழமை உங்க வாசல்லேர்ந்துதானே கிளம்புது!"

கிளம்பியது. மஞ்சள் வேன். அவரும் லோகநாயகியும் உட்பட எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு ரமாவின் மாமியாருக்கு ஒரு தங்கை முளைத்தாள், அந்தத் தங்கைக்கு ஒரு வீட்டுக்காரர்.

"வயசானவா ஆசையா வந்திருக்கா, நாம இறங்கிக்கலாம்" என்று லோகநாயகி பெட்டியோடு இறங்கிவிட்டாள். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் ஸ்ரீநிவாசராகவனும் தெருவில் நின்றார்.

"உங்க ரூம் சும்மாதானே சார் இருக்கும், நாங்க இருந்துக்கறோம்!" என்று எட்மண்ட் ஜன்னல் வழியாகக் கத்த, வேன் திரும்பி மறைந்தது.

வீட்டுக்குள் வந்து போனையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்தார். அது அடிக்கவில்லை. யாருக்காக அடிக்கும்?

"இப்படியே உட்கார்ந்திருப்பேளா? வாங்கோ, ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வரலாம்."

மழை பெய்து சிட்லபாக்கம் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. நீர்க்கோழிகள் முங்கி முங்கி எழுந்தன. கரையில் ஈ காக்கை இல்லை.

"ஏன்னா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் லோகநாயகி. பழக்கத்தில் அவர் திரும்பிப் பார்த்தார். எந்த மணியும் அடிக்கவில்லை. தலை தீபாவளிக்கு அவர் எடுத்துத் தந்த கிளிப்பச்சைப் புடவை தனக்குப் பிடிக்கவே இல்லை என்பதில் ஆரம்பித்தாள். பாதிக் கரை போனபோது சிரிக்க வைத்தாள். மீதிக் கரையில், அந்தப் புடவையை இன்னும் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருப்பதைச் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனாலும் மனசு ஆறவில்லை.

"எல்லாம் சரி லோகம். நம்ம விஷயம் எப்படி வெளியே போச்சு? எந்தக் கடங்காரன் அந்த வேனை ஏற்பாடு பண்ணினான்?"

லோகநாயகி நீர்க்கோழியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தாள். தெருவுக்குப் பூ கொடுக்கும் பச்சையம்மா கூடையோடு எதிரே வந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னா சார் இப்டி கேக்கறீங்கோ? அது என் தம்பி வேனு. தெருவுல ஒரு வூடு வுடாம அள்ளிகினு போயிடணும்னு அம்மாதானே பேசி வுட்டாங்கோ!"

உங்கள் வீடுகளிலும் வாசல் நிறைய ஆட்கள் வரட்டும் கண்ணுகளா. அவர்களை அள்ளிக்கொண்டு போக அவ்வப்போது ஒரு வேனும் வரட்டும்.