குப்பைக்கூடைக்குள் பத்திரமாக

பத்திரமாக வைப்பவர் என்றொரு இனம் உண்டு. ஓமந்தைக்கு வடக்கே, கிளிநொச்சிக்குத் தெற்கே அந்த இனத்தின் தலைவி நான்தான். மக் (Mac) கணினியைக் கட்டி ஆள்வதில் எனக்கு நிகரானவர் இன்னும் பிறக்கவில்லை. அதைச் செய்தவர்களே சந்தேகம் வந்தால் என் ஊர் கனகராயன்குளத்துக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். சரி, இதில் பாதியைக் கழித்துவிடுங்கள்.

பத்திரமாக வைப்பவர்களை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். கணினியைத் திறந்தால் முன்திரையில் போட்ட படம் தெரியாது. கடைசி பஸ்ஸில் சனம் ஏறியதுபோலக் கோப்புகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நிற்கும். 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி', 'இதுதான் கடைசி', 'இதைத் தொடாதே' என்று ஒவ்வொரு கோப்புக்கும் உடன்பிறப்புகள் இருக்கும். ஏன் என்கிறீர்களா? இடம்பெயர்ந்து ஓடிய சனத்திடம் கேட்கிற கேள்வியா அது? பிறப்புச் சான்றிதழில் ஒரு பிரதி இடுப்பில் கட்டிய பைக்குள், ஒன்று வவுனியாவில் தங்கச்சியிடம், இன்னொன்று அரிசி வாளிக்குள் என்று பழகிய கை, கணினியைத் தொட்டதும் திருந்திவிடுமா?

திருந்தவில்லை.

அந்த நாளில் நகையை எங்கே வைத்தோம்? குப்பைக்கிடங்கில். கள்ளன் அலுமாரியை உடைப்பான், தலையணையைக் கிழிப்பான், குப்பையைக் கிளற மாட்டான். ஆகவே என் அதிமுக்கியமான கோப்புகளைத் திரையின் மூலையில் இருக்கும் குப்பைக்கூடைக்குள் போட்டுவைத்திருந்தேன். உள்ளே கிடப்பதைத் திறக்க மக் விடாது என்பது எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. பூட்டுக்குப் பூட்டு. தேவைப்படும்போது வெளியே எடுத்துத் திருத்தி, மறுபடி உள்ளே போட்டுவிடுவேன்.

இந்தக் கெட்டித்தனம் போன வெள்ளிக்கிழமை சந்திக்கு வந்தது. எங்கள் பாடசாலையின் ஐம்பதாண்டு மலருக்கு நான் தொகுப்பாசிரியர். பின்னேரத்துக்குள் அது கிளிநொச்சி அச்சகத்துக்குப் போகாவிட்டால், விழாவில் மலர் இல்லை. ஒரு காலத்தில் என் வகுப்பில் இருந்து இப்போது அங்கேயே ஆசிரியையாக இருக்கும் கமலாசனி, மலர்க்குழுச் செயலாளர் என்ற முறையில் என் வீட்டுக்கே வந்து பக்கத்துக் கதிரையில் காவல் இருந்தாள். அனுப்புவதற்கு மின்னஞ்சலைத் திறந்ததுமே, இடமில்லை என்று மக் கைவிரித்தது.

"பாவிக்காமச் சும்மா கிடக்கிற செயலிகளை அழியுங்கோ, ரீச்சர்."

அழித்தேன். திரையின் அடியில் வரிசையாக நின்ற செயலிகளின் சின்னப் படங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே இழுத்துவிட்டேன். மறைந்தன. இடம் மட்டும் கூடவில்லை.

"வாசல்ல கிடக்கிற செருப்பை எடுத்து எறிஞ்சிருக்கிறியள். ஆள் இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கிறார்."

மானம் போன கையோடு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தால் கமலாசனியின் முகம் மலர்ந்திருக்கிறது.

"இடம் வந்திட்டுது, ரீச்சர். குப்பையைக் கொட்டிட்டன்."

தேத்தண்ணியை அப்படியே மேசையில் வைத்தேன். "எந்தக் குப்பையைப் பிள்ளை?"

"கூடைக்குள்ள கிடந்ததைத்தான். பின்னென்ன, குப்பையைச் சாமியறையிலயோ வைக்கிறது?"

"அதுக்குள்ளதான் மலர் கிடந்தது."

மற்றப் பிரதிகள் இல்லையா? ஏன் இல்லை. ஒன்றில் பாடசாலையை நிறுவியவரின் பெயர் பிழை. ஒன்றில் அதிபரின் வாழ்த்துரையே இல்லை. இன்னொன்றில் அந்த வாழ்த்துரை இரண்டு தரம் வந்து, இரண்டிலும் அவருடைய படத்துக்குப் பதிலாக விளையாட்டுப்போட்டியில் கயிறிழுத்த அணி நின்றது. ஒரு வருட உழைப்பு.

பிறகு கமலாசனி மெதுவாகக் கைப்பையைத் திறந்து, களவாக எடுத்த மாங்காயைத் திருப்பிக் கொடுப்பவள்போல ஒரு பென் டிரைவை மேசையில் வைத்தாள்.

"கொட்ட முதல் எல்லாத்தையும் இதுக்குள்ள கொப்பி பண்ணினனான்."

"குப்பையையோ?"

"என்னத்துக்கும் இருக்கட்டும் எண்டுதான்."

மலர் அன்றே அச்சகத்துக்குப் போனது.

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. உங்கள் அடையாள அட்டையின் படம் உங்கள் தொலைபேசியில் எத்தனை இடத்தில் கிடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரியுங்கள். நான் திருந்திவிட்டேன். இந்தக் கட்டுரைக்கு உலகத்தில் ஒரேயொரு பிரதிதான் உண்டு.

"ரெண்டு," என்கிறாள், தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டு நிற்கும் கமலாசனி. "ஒண்டு என்னட்ட."