பாதிச் சோதனையும் முழுப் பூனையும்

உலகத்தில் இதுவரை நடந்த சோதனைகளில் பாதி வீண். எந்தப் பாதி என்று தெரிந்த ஒரே மனிதர் என் அப்பாதான்.

நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள், இந்தப் பாதிச் சோதனைக்காரர் இனத்தை. எங்கள் அப்பாவுக்குப் பெயின்ட் கம்பெனியில் வேலை. சூடு, தண்ணீர், நிறப்பொடி, கலக்கும் நேரம் என்று நாலு சங்கதிகளைக் கூட்டியும் குறைத்தும் பதினாறு வாளி கலக்க வேண்டிய இடத்தில், எட்டே வாளியைப் பொறுக்கிக் கலந்து விடை சொல்லிவிடுவார். செருப்புக் கடையிலும் இதே பொறுக்கல்தான். தன்னையும் பாதி விசாரித்துத்தான் கட்டிக்கொண்டாரோ என்று அம்மாவுக்கு இன்னும் சந்தேகம்.

தங்கைக்கு மதியத் தூக்கத்தில் தும்மல் பிடித்துக்கொண்டது. சந்தேகம் நாலு பேர் மேல்: பஞ்சுத் தலையணை, புதுச் சோப்புத் தூள், திறந்த ஜன்னல், பூனை. பூனைதான் என்றால் வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்று அம்மா தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தாள். பதினாறு நாள் எதற்கு, எட்டே போதும் என்றார் அப்பா. ஒவ்வொன்றும் நாலு நாள் இருக்கும், நாலு நாள் இருக்காது. மற்றவற்றோடு சரிசமமாகக் கலந்து வரும். பழி தானாகப் பிரிந்துவிடுமாம். இவ்வளவு மூளை உள்ளவர், பூனையை உள்ளே விடும் வேலையை யாரிடம் கொடுத்தார்?

என்னிடம்.

பூனை இருக்க வேண்டிய நாளில் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். இருக்கக் கூடாத நாளில் தங்கையின் காலடியில் படுக்க வைத்தேன். அன்றைய தும்மல் தலையணைக் கணக்கில் போகட்டுமே. அவள் மூக்கைத் துடைத்துவிட்டதும் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் அப்பா கூட்டிக் கழித்து நிமிர்ந்தார்.

"தலையணை, சோப்பு, ஜன்னல் எதுவும் ஒண்ணும் பண்ணல. பூனைதான் வைத்தியம் பாக்குது. அது பக்கத்துல இருந்தா தும்மலே இல்ல."

"அப்ப வெச்சுக்கலாம்பா," என்றேன், கொஞ்சம் அவசரமாக.

சிரிக்காதீர்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டிவிட்டுப் புத்தகத்துக்கே அபிப்பிராயம் சொல்லும் நீங்களும் இந்த இனம்தான். என்ன, உங்களுக்குச் சரியான பாதியைப் பொறுக்கத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

"ஒரு நாளாவது பூனையை மாத்தி வெக்காம சோம்பேறித்தனமா விட்டிருந்தீன்னா எனக்குக் குழம்பியிருக்கும்டா. நீ இவ்வளவு ஒழுங்கா ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல."

என் மடியிலிருந்து பூனையை எடுத்துக்கொண்டார்.

"முடியைச் சீவிவிடறது, போர்வையைத் துவைக்கறது, ரூமை மாத்தறதுன்னு இதை அனுப்பாம இருக்க வழி இருக்கான்னு பாக்கணும். அம்மாகிட்ட இன்னும் எட்டு நாள் கேட்டிருக்கேன். இந்தத் தடவை பூனையை நான் பாத்துக்கறேன். நீ பாப்பாவைப் பாத்துக்க."