அப்ஜெக்ஷன்காரர் நீட்டிய கல்யாணப் பத்திரிகை

எங்கள் ஊரில் அப்ஜெக்ஷன்காரரிடம் தப்பித்துத் தீர்ப்பு சொன்னவர் ஒருவர்கூடக் கிடையாது. அம்மன் கோயில் கோலப் போட்டிக்கு நடுவராக வந்த டீச்சரம்மாவே தப்பவில்லை.

"போட்டியில கீற பதினோரு பொண்ணுங்கள்ல உங்ககிட்ட டியூஷன் படிச்சது எத்தினி டீச்சர்?" என்று எழுந்து கேட்டார்.

ஒன்பது என்றார் டீச்சர். அந்த வருஷம் பரிசுக் குடத்தைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டோம்.

அப்ஜெக்ஷன்காரர் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடையில் கூட்டம் இல்லாதபோது கல்யாணப் பத்திரிகை படிப்பார். நாமெல்லாம் பத்திரிகையில் பந்தி எங்கே என்று பார்ப்போம். அவர் தலைமை தாங்குபவர், வாழ்த்துரை வழங்குபவர், தாய்மாமன் என்று வரி விடாமல் படித்து, ஊர்வாரியாக ஃபைல் போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்கு இவங்கள்ல ஒருத்தர் நாயம் சொல்ல வருவாரு சார். அன்னிக்கு வேணும்."

அந்த நாள் வந்தது. ஏரியில் தண்ணீர் இறங்கிப்போய், மேல்மடைக்கு எத்தனை நாள், கடைமடைக்கு எத்தனை நாள் என்று ஊரே இரண்டானது. மேல்மடைக்கு ஒரு கட்சி துணை, கடைமடைக்கு இன்னொரு கட்சி. முறை வகுக்க ஒரு மத்தியஸ்தர் வேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் நெற்களத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், யாரும் எதையும் கேட்கலாம், கேள்வி தீர்ந்தால்தான் ஆள் பாஸ் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

கடைமடையிலும் கடைசி வயல் அப்ஜெக்ஷன்காரருடையது. ஒரே ஏக்கர். மற்றவர்களுக்கு போர்வெல் இருந்தது. இவருக்கு ஏரித் தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லை. நெல் பால் பிடிக்கிற நேரம் வேறு.

மேல்மடைக் கட்சி ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவரை உட்கார வைத்தது. அப்ஜெக்ஷன்காரர் ஒரு பத்திரிகையை நீட்டினார். ஹெட்மாஸ்டர் மகள் கல்யாணத்துக்கு அந்தக் கட்சிச் செயலாளர்தான் தலைமை. ஹெட்மாஸ்டர் எழுந்தார். கடைமடைக் கட்சி ஒரு நெல் வியாபாரியை உட்கார வைத்தது. அவர் பேரனின் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. அவரும் எழுந்தார்.

வார இதழில் எழுதுகிறவன், அதனால் நடுநிலையாளன் என்று என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

"சார், போன வாரம் மேல்மடைக்காரங்க கல்யாணத்துல பாயசம் எத்தினி தபா வாங்கினீங்க?"

"ஒரு தடவை."

"வீடியோவுல ரெண்டு தபா கீது சார்."

எழுந்துவிட்டேன்.

கடைசியில் பழையசீவரத்துக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மதகு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷமாக எங்கள் ஊர்ப் பக்கமே வராதவர். "காயற பயிருக்கு மொத தண்ணி" என்றார். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதால் இரண்டு கட்சிகளும் தலையாட்டின. அப்பாடா, நம் ஆளின் நெல் பிழைத்தது என்று நினைத்தேன்.

அப்ஜெக்ஷன்காரர் மெதுவாக எழுந்தார். பழுப்பேறிய பத்திரிகை ஒன்றை எடுத்தார்.

"இது என் கல்யாணப் பத்திரிக. பொண்ணுக்கு அண்ணன்னு யாரு பேரு கீதுன்னு படிங்க."

களத்து ஓரத்திலிருந்து அவர் மனைவி கத்தினார். "யோவ், அது என் அண்ணன்யா! இன்னாய்யா பேஜார் பண்ணிக்கினு கீற?"

"அதத்தாம்மே நானும் சொல்றேன்" என்றார் இவர்.

மச்சான் தங்கை வீட்டில் கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

வேறு ஆள் அமைந்து தண்ணீர் வருவதற்குள் பதினைந்து நாள் ஓடிவிட்டது. அறுப்பு அன்று அவர் வயலுக்குப் போனேன். ஒரு கதிரைக் கசக்கி ஊதினார். பாதிக்கு மேல் பதராகப் பறந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"இருந்திருக்கலாம் சார். அப்புறம் அந்த டீச்சரம்மா மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

அடுத்த வருஷமும் தண்ணீர் போதவில்லை. களத்தில் நாற்காலி போட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பெயரைச் சொன்னார்கள். அப்ஜெக்ஷன்காரர் பதறி எழுந்தார்.

"எனக்குக் கடைமடையில நெலம் கீதுபா. நான் ஆவாது."

"அது தெரிஞ்சுதாம்பா கூப்புடுறோம். குந்து" என்றார் மேல்மடைக்காரர்.

உட்கார்ந்தார். பத்திரிகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "கேளுங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. மறுபடியும் "கேளுங்கப்பா" என்றார். களத்து ஓரத்திலிருந்து அவர் மனைவி மட்டும் எழுந்தார்.

"காத்தாலேர்ந்து சுத்திக்கினு கீறியே, நாஷ்டா துன்னியாய்யா?"

"இல்லம்மே" என்று எழப் போனவரை மேல்மடைக்காரர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.