உச்சவரம்பும் மிஸ்டர் ஆக்டனின் கஞ்சியும்

வீட்டு வாடகை உதவியில் மாதம் நூற்றைம்பது பவுண்டு வெட்டு என்ற கடிதத்தைப் பிரித்தபோது, பெவர்லி பக்கத்து வீட்டு மிஸ்டர் ஆக்டனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தனியாக மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள். கிடைக்கும் உதவியெல்லாம் சேர்ந்து, ஒரு குடும்பத்துக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பைத் தாண்டிவிட்டதாம். சன்னலுக்கு வெளியே மோர்கம்ப் கடற்கரை மூடுபனியில் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. தன் வீடும் அப்படியே கரைந்துவிடுமோ என்று கரண்டியைப் பாதியில் நிறுத்தினாள்.

"ஆறுது கஞ்சி," என்றார் மிஸ்டர் ஆக்டன்.

வாரம் பதினாறு மணி நேரமாவது வேலை பார்த்தால் வரம்பு பாயாது என்று கேள்விப்பட்டு, காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில் சேர்ந்தாள். முதலாளியம்மா ஃபாசெட் பன்னிரண்டு மணி நேரம்தான் தந்தாள். மிச்சம் நாலுக்கு மீன் வறுவல் கடை. இரண்டுக்கும் நடுவே மிஸ்டர் ஆக்டன் பசியோடு காத்திருந்தார்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுச் செருப்போடு, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"இங்க கதகதப்பா இருக்கு. இங்கயே ஊட்டு."

ஊட்டினாள். சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நுரை மேகம்போல் உருண்டது. இருவரும் வாய் பிளந்து அதையே பார்த்தார்கள். வாடகை, வெட்டு, வரம்பு எல்லாம் எங்கோ மிதந்து போயின. என்ன சுகம்! அப்படியே தூங்கிப்போய்க் கண் விழித்தபோது, துவைக்க வந்த ஒரு ஓட்டலின் வெள்ளை விரிப்புகள் அத்தனையும், எப்படியோ உள்ளே விழுந்திருந்த அவரது சிவப்புக் கழுத்துத்துணியோடு சுற்றி, ரோஜா நிறமாகியிருந்தன.

"அழகாத்தான இருக்கு," என்றார் மிஸ்டர் ஆக்டன்.

ஃபாசெட்டுக்கு அழகு தெரியவில்லை. அன்றே வேலை போயிற்று. அவளைச் சமாதானம் செய்யப் போய் நேரமாகிவிட்டதால் மீன் கடையும் கதவைச் சாத்தியது.

உதவித்தொகை அலுவலகத்தில், தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண், வேலை ஏன் போனது என்று கேட்டாள். பெவர்லி அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். காலையில் குளிப்பாட்டுவது, மாத்திரை, மூன்று வேளை ஊட்டல், தினமும் ஆறு மணி நேரம், நாலு வருஷமாக.

"அவருக்கு முடியாதவங்களுக்கான உதவித்தொகை வருதா?"

"வருது. எனக்கு வேலைதான் நிலைக்கல."

தட்டச்சு நின்றது.

"அவரைப் பாத்துக்கறதுக்குன்னு ஒரு உதவித்தொகை இருக்கும்மா. அதை வாங்கறவங்களுக்கு உச்சவரம்பே கிடையாது. நாலு வருஷமா நீங்க வேலையிலதான் இருக்கீங்க, நடுவுல துணி துவைக்கப் போன மூணு நாள்தான் லீவு போட்டிருக்கீங்க."